கோஷத்துக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி

இனி எழுதுவதில்லை, பேசுவது என்று முடிவு செய்தேன்.

இதை வீட்டில் அறிவித்தபோது என் மனைவி சந்தனம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இம்புட்டு நாளு என்ன செஞ்சுக்கிட்டிருந்தீக?" என்றாள்.

 வரலாற்றைத் திருப்பும் முடிவுகளைக் கீரை ஆய்கிறவர்களோடு விவாதிக்கக் கூடாது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மார்க்கையன்கோட்டை பிச்சைமணி. சின்னமனூரிலிருந்து கம்பம் வரைக்கும் என்னைத் தெரியாத போலீஸ்காரர் கிடையாது. தெரியாதவர்கள் எல்லாம் வாக்காளர்கள்தான். நான் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, துண்டறிக்கையில். நிற்காமல் போகும் பேருந்தை நிற்க வைக்க மறியல், கடைமடைக்குத் தண்ணீர் கேட்டு உண்ணாவிரதம், ரேஷன் அரிசியில் கல் கிடந்ததற்கு ஊர்வலம். எல்லாவற்றுக்கும் துண்டறிக்கை எழுதியது நான். அச்சடித்தது நான். வெயிலில் நின்று விநியோகித்தது நான். அதில் கடலை மடித்துத் தின்றது மக்கள்.

கட்சிகள் சிலவற்றில் இருந்திருக்கிறேன். ஒவ்வொரு கட்சியும் கொள்கையை விட்டு விலகியது. நான் கட்சியை விட்டு விலகினேன். கடைசியில் நானும் கொள்கையும் சந்தனம்மாளும் மிஞ்சினோம். மூவரில் அவள்தான் எந்தத் தீர்மானத்துக்கும் கை தூக்காதவள்.

நான் சொல்லப்போவது 2009இல் நடந்தது. சின்னமனூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே விஜய்பாண்டி பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். ஜெராக்ஸ், லேமினேஷன், ரயில் டிக்கெட், ஜாதகம், எல்லாம் அங்கே கிடைக்கும். நாற்பதைத் தாண்டிய மனிதர். ஒரு மறியலில் என்னோடு கைதானவர். கொள்கையால் அல்ல, தேனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவரையும் சேர்த்து வேனில் ஏற்றிவிட்டார்கள். அந்தப் பாசத்தில் என் துண்டறிக்கைகளை எல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் ஒரு வலைப்பூ தொடங்கித் தந்தார். உலகமே படிக்கும் என்றார்.

உலகம் அவசரப்படவில்லை. பார்வையாளர் எண்ணிக்கை ஒன்று கூடியிருக்கும். ஓடிப்போய் விசாரித்தால், எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்று பார்க்க விஜய்பாண்டிதான் திறந்திருப்பார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு ஆயுள் முழுவதும் இருந்தது ஒரே ஒரு வாசகர். உத்தமபாளையம் இப்ராஹிம். தேங்காய் வியாபாரி. என் துண்டறிக்கை எதுவானாலும் தலைப்பிலிருந்து அச்சகத்தின் பெயர்வரை படிப்பார். படித்துவிட்டு பஸ் ஏறி வந்து சண்டை போடுவார். இந்தப் பத்தியில் கோபம் இருக்கு, விஷயம் இல்லை பிச்சை என்பார். அடுத்ததை எழுதும்போது அவர் முகம்தான் என் எதிரில் இருக்கும். அவருடைய கண்களைச் சர்க்கரை வியாதி எடுத்துக்கொண்டது. முதலில் ஒன்று, பிறகு மற்றது. அதற்குப் பிறகும் எழுதினேன். சுவரைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் அவருடைய மருமகன் சலீம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள் அதில் இருந்தது. இப்ராஹிம் தடவித் தடவி விசைப்பலகையைக் கற்றுக்கொண்டார். கற்றதும் முதல் காரியமாக என் வலைப்பூவைத் திறந்திருக்கிறார். திறந்துவிட்டுப் போன் செய்தார்.

அந்தப் போன் சந்தனம்மாளுடையது. திருப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் பவானி அம்மாவுக்கென்று வாங்கித் தந்த சைனா செட். அதில் ஒருவர் பேசினால் அடுத்த தெருவில் பதில் சொல்வார்கள். நான் செல்போன் டவருக்கு எதிராக மறியல் செய்தவன். ஆகவே கொள்கைப்படி போனைக் கையால் தொடுவதில்லை. எனக்கு யாராவது பேசினால் அவள் அதை என் காதருகே பிடித்துக்கொள்வாள். கொள்கை கைக்கு மட்டும்தான். காதுக்குத் தளர்வு கொடுத்திருந்தேன்.

"ஒன் வலைப்பூவ மெஷின் வாசிச்சுச்சு பிச்சை" என்றார் இப்ராஹிம்.

"என்ன வாசிச்சுச்சு?"

"கிராஃபிக். கிராஃபிக். கிராஃபிக்."

"அப்புறம்?"

"அம்புட்டுத்தேன். நீ போட்டிருக்கிறது எல்லாம் போட்டோவாம்ல. அதுல எழுத்து இருக்குன்னு மெஷினுக்குத் தெரியாது. கதவுன்னு நெனச்சுத் தடவுனேன். கதவு வரைஞ்ச சுவரா இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. அரசு அலுவலகத்து வாசலில் சாய்தளம் கட்டச் சொல்லி மனு எழுதியவன் நான். என் சொந்த வாசலில் சுவர் எழுப்பி வைத்திருக்கிறேன், அதுவும் என் ஒரே வாசகர் வந்து முட்டிக்கொள்ளும் இடத்தில்.

அதனால்தான் இனிப் பேசுவது என்று முடிவு செய்தேன். கண் தெரியாதவர்கள் கேட்கட்டும். எழுத்துத் தெரியாதவர்கள் கேட்கட்டும். கை ஒழியாமல் வேலை செய்கிறவர்கள் வேலை செய்துகொண்டே கேட்கட்டும். இணையம் படித்தவனின் சொத்தா என்ன? "செவிக்கும் உரிமை உண்டு" என்று தலைப்பு வைத்தேன். இப்ராஹிமைத் திரும்பப் பிடிப்பதுதான் என் ஆசை. மற்ற மக்கள் கூடவே வந்தால் மறுக்கப் போவதில்லை.

பதிவு செய்யும் வசதி சந்தனம்மாளின் போனில் இருந்தது. பொத்தானை அவள்தான் அமுக்க வேண்டும். ஸ்டூலில் போனை வைத்தாள். பக்கத்தில் கீரையோடு உட்கார்ந்தாள். நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்து பேச எனக்கு வராது. வலது கை தானாக மேலே போனது.

கோஷம் போடுகிறவனுக்கு ஒரு முறை உண்டு. ஒரு வரி சொல்ல வேண்டும். நிறுத்த வேண்டும். கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லும். பிறகு அடுத்த வரி. இதையே ஆயுள் முழுக்கச் செய்தவனுக்கு அது மூச்சு விடுவதுபோல. எதிரில் கூட்டம் இருந்தாலும் வாய் நிற்கும், இல்லாவிட்டாலும் நிற்கும். இன்னொன்றும் உண்டு. அந்த இடைவெளியில் வரும் சத்தத்துக்குக் காது கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அடுத்த வரி மறந்துபோகும். கைதட்டலோ, பஸ் ஹாரனோ, வசவோ, எது வந்தாலும் ஆதரவு என்று எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

நான் வரி சொன்னேன். நிறுத்தினேன். சந்தனம்மாளின் உதடு அசைவது தெரிந்தது. கடைசியில் இவளும் திருப்பிச் சொல்லத் தொடங்கிவிட்டாள் என்று நினைத்தேன். நெஞ்சு நிறைந்துவிட்டது.

போனை விஜய்பாண்டியிடம் கொண்டுபோனோம். கரண்டு போகிற நேரம். கேட்டுப் பார்க்காமலே ஏற்றிவிட்டார்.

அடுத்த நாளே இப்ராஹிம் கூப்பிட்டார். சிரித்துக்கொண்டிருந்தார். கண் போனதிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன் பிச்சை என்றார். எப்படி இருக்கிறது என்றேன்.

"ஒன் பேச்சு எப்பவும் போலத்தேன். தங்கச்சி பிரமாதம்."

எந்தத் தங்கச்சி என்று கேட்க வாயெடுத்தேன். போனைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். கேட்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சின்னமனூருக்குப் பஸ் ஏறினேன்.

விஜய்பாண்டி ஹெட்போனை மாட்டிவிட்டார். என் குரல் கம்பீரமாக ஆரம்பித்தது.

"உழைக்கும் மக்களே!"

"அவுக இந்நேரம் வேலைக்குப் போயிருப்பாக."

"குருட்டு அரசே! உன்னைக் கேட்கிறோம்!"

"இது இப்ராஹிம் அண்ணனுக்குத்தான? அவுக கேக்குற எடத்துல என்னத்துக்கு அந்த வார்த்தை? அரசாங்கத்துக்குக் கண்ணு நல்லாத்தேன் தெரியுது. பாத்துக்கிட்டே செய்றாக."

"புள்ளிவிவரங்கள் உண்மையைச் சொல்கின்றன!"

"அதச் சொல்லுங்க மொதல்ல."

நான் சொல்லவில்லை. அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன்.

"இதோ, இந்தப் புகைப்படத்தைப் பாருங்கள்!"

இந்த இடத்தில் நான் செய்ததை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றிப் போனுக்கு முன்னால் நீட்டியிருக்கிறேன். கூட்டத்தில் அப்படித்தான் செய்வது வழக்கம்.

"அண்ணே, ஒரு போட்டோவப் போனுக்கு நேரா நீட்டுறாக. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? நான் சொல்றேன் கேளுங்க. சின்னமனூரு பஸ் ஸ்டாண்டு மறியலு. போலீஸ் வேனு நிக்கிது. இவுக ஏறுறாக. ஒரு கை மேல இருக்கு, கோசம் போடுறாக. இன்னொரு கைல வேட்டிய இறுக்கிப் பிடிச்சிருக்காக. பின்னால ஒரு போலீஸ்காரரு நிக்கிறாரு. அவரு கைல எங்க வீட்டு டிபன் கேரியரு. தயிர்ச்சோறும் மோர் மொளகாயும். நாளைக்குக் கைதாகப் போறேன்னு மொத நாளே சொன்னாக, அதான் கட்டிக் குடுத்தேன். இவுகளுக்குக் கை ஒழியலைன்னு அவரு தூக்கிட்டு வாராரு."

அந்தப் புகைப்படம் என் துண்டறிக்கைகளில் எத்தனையோ முறை அச்சாகியிருக்கிறது. "அடக்குமுறைக்கு அஞ்சாத சிங்கம்" என்று கீழே வரி போட்டிருக்கிறேன். கண் உள்ள ஒருவனும் அந்த டிபன் கேரியரைக் கண்டதில்லை. இப்போது கண் இல்லாதவர்கள் எல்லாம் கண்டுவிட்டார்கள்.

வலைப்பூவில் கருத்துகள் வந்திருந்தன. முதல்முறையாக. மஸ்கட்டிலிருந்து ஒருவர், அம்மா சொல்லச் சொல்ல எங்கள் ஊர் பேருந்து நிலையமே கண்ணில் தெரிந்தது என்று எழுதியிருந்தார். பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஞானபாக்கியம் என்கிற ஆசிரியை, படத்தை விளக்கியவருக்கு என் மாணவர்களின் நன்றி என்று எழுதிவிட்டு, ஐயா இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பேசினால் அம்மாவுக்கு வசதியாக இருக்கும் என்று முடித்திருந்தார்.

வெளியே வந்தேன். டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, கேரியர் வரலையா தோழர் என்று விசாரித்தார். நான் எந்த அடக்குமுறைக்கும் அஞ்சாதவன். அன்று டீக்கடைக்கு அஞ்சி, திரும்ப பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தேன்.

"வெட்டிருங்க" என்றேன்.

"எதை ஐயா?"

"அவ பேசுறத."

விஜய்பாண்டி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அதை வெட்டினால் மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும் என்றார். கொஞ்சம் இருந்தாலும் கொள்கை இருக்கும் என்றேன். வெட்டினார். இடைவெளிகள் போனதும் என் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. கண்டக்டர் அவசரத்தில் ஊர்ப்பெயர் சொல்வதுபோல இருந்தது. பரவாயில்லை, ஏற்றுங்கள் என்றேன். வெட்டியவன் யார் என்று வெளியே தெரியப்போவதில்லை என்று தெம்பாக வீட்டுக்கு வந்தேன்.

இப்ராஹிம் மறுபடியும் கூப்பிட்டார். சந்தனம்மாள் போனை என் காதில் வைத்தாள்.

"இப்பப் போட்டிருக்கிறது ஒண்ணும் வெளங்கல பிச்சை. படத்தைப் பாருன்ற. எந்தப் படம்? மறுபடியும் சுவரு. தங்கச்சி கொரலு எங்க போச்சு?"

"கரண்டு கட்டுல அழிஞ்சுபோச்சு" என்றேன்.

சைனா செட்டின் சத்தம்தான் தெரியுமே. அவர் கேட்டதும் நான் சொன்னதும் அவளுக்கு மட்டுமல்ல, எதிர்வீட்டு மூக்கம்மாளுக்கும் கேட்டிருக்கும். சந்தனம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. போனை மடியில் செருகிக்கொண்டு எழுந்து போனாள். விஷயம் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மௌனத்தை ஆதரவுக் கணக்கில் சேர்த்துத்தான் நான் தேர்தல்களில் தோற்றேன். புத்தி வரவில்லை.

அடுத்த பேச்சை அவள் இல்லாமல் பதிவு செய்ய வேண்டும். அதற்கொரு திட்டம் போட்டேன். அல்லிநகரத்தில் அவளுடைய அக்கா ராஜமணி இருக்கிறார். முழங்கால் வலிக்காரர். அக்காவைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று ஆரம்பித்து, பாசம், குடும்பம், மனிதநேயம் என்று போய், ஒரு நாள் தங்கிவிட்டு வா என்று முடிப்பதாக ஏற்பாடு. அக்காவைப் பார்த்து என்று ஆரம்பித்ததுமே, நானே போகணும்னு இருந்தேன் என்றாள்.

எதிரி கோட்டையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால் சந்தேகப்பட வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

அவளே பொத்தானையும் காட்டிக் கொடுத்தாள். சிவப்பு வட்டத்தை அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். அவளில்லாமல் பேசுவதற்காகக் கொள்கையைக் கைவிட்டுக் கையால் போனைத் தொட்டேன். பஸ்ஸுக்குக் கிளம்பியவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"வெரசாப் பேசாதீக. ஒங்களுக்கு இளைப்பு இருக்கு. எப்பவும் போல ஒரு வரி சொல்லி, நிறுத்தி, மூச்சு வாங்கிட்டு அடுத்த வரி சொல்லுங்க. எம்புட்டு நேரம் வேணாலும் நிறுத்துங்க. இங்கன நான் இல்லையேன்னு அவசரப்படாதீக."

என் கண் கலங்கிவிட்டது. நான் இவளை வெளியேற்றுகிறேன், இவள் என் மூச்சை நினைத்துக் கவலைப்படுகிறாளே என்று ஒரு கணம் வெட்கமாகக்கூட இருந்தது. அந்தக் கணத்தைச் சமாளித்துக்கொண்டேன்.

அன்றைய தலைப்பு "குரலற்றவர்களின் குரல்". கதவைச் சாத்தினேன். போனை ஸ்டூலில் வைத்தேன். நின்றேன். பேசினேன். அவள் சொன்னபடியே நிறுத்தி நிறுத்திப் பேசினேன். வீடு அமைதியாக இருந்தது. ஒவ்வொரு வரி முடிந்ததும் என் கண் தரையில் கீரை கிடக்கும் இடத்துக்குப் போனது. அங்கே வெறும் தரை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அடுத்த வரி வர நேரமாகும். இளைப்புதான் காரணம் என்று நினைத்தேன்.

மறுநாள் அவள் வந்தாள். பேசியாச்சா என்றாள். பேசியாச்சு என்றேன். சின்னமனூருக்குக் காய் வாங்கப் போகிறேன், போகிற வழியில் விஜய்பாண்டியிடம் கொடுத்துவிடுகிறேன் என்று போனை எடுத்துக்கொண்டாள். காலையில் போனவள் மதியம் தாண்டித்தான் திரும்பினாள். கையில் ஒரு கட்டுக் கொத்தமல்லி மட்டும் இருந்தது. ஒரு கட்டுக் கொத்தமல்லிக்கு இவ்வளவு நேரமா, சந்தை நிர்வாகம் சீர்கெட்டுவிட்டது என்று நான் அடுத்த பேச்சுக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் அரசியல் அறிவு.

வெற்றியை நேரில் பார்க்க உத்தமபாளையத்துக்குப் போனேன். இப்ராஹிமின் மனைவி அம்சத் பீவி நாற்காலி போட்டு டீ கொடுத்தார். புதுசா வந்திருக்காம், வாங்கண்ணே, சேர்ந்து கேப்போம் என்றார். இப்ராஹிம் விசைகளைத் தடவி ஓடவிட்டார். நான் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தேன். என் வாசகரின் முகத்தைப் பார்த்தேன். பழைய காலம்போல இருந்தது.

"அன்பு மக்களே! இன்று நான் தன்னந்தனியாக நின்று பேசுகிறேன்!"

நிறுத்தம்.

"ஆமாண்ணே, தனியாத்தேன் நிக்கிறாக. என்னைய அல்லிநகரத்துக்கு அனுப்பிட்டாக."

டீ என் வேட்டியில் கொட்டியது. அன்றைக்குக் கொத்தமல்லி வாங்கப் போனவள் விஜய்பாண்டியின் மைக்கை மாட்டிக்கொண்டு, என் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். நிறுத்தி நிறுத்திப் பேசச் சொன்னது என் மூச்சுக்காக அல்ல.

"யாருடைய குரலையும் யாரும் நெரிக்கக் கூடாது!"

"நெரிக்கல. வெட்டத்தேன் சொன்னாக. கரண்டு மேல பழியப் போட்டாக. வெட்டுன அன்னைக்குச் சின்னமனூருல கரண்டு போகவே இல்லையாம். விஜய்பாண்டி தம்பிட்டக் கேட்டுட்டேன்."

எனக்கு எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது.  என் குரல் மட்டும் ஒன்றும் அறியாமல் முழங்கிக்கொண்டு போனது.

"குரலற்றவர்களின் குரலாக நான் இருப்பேன்!"

இந்த இடத்தில் நிறுத்தம் நீளமாக இருந்தது. வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற இடம் இதுதான் போலிருக்கிறது. அவள் குரல் மெதுவாக வந்தது. கேலி இல்லை.

"எனக்குக் கொரலு இருக்குங்க. அதுக்கு நீங்க எதுக்கு?"

இப்ராஹிம் விசையை அமுக்கி நிறுத்தினார். சிரிக்கவில்லை. நான் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"வெட்டச் சொன்னியா பிச்சை?"

போலீஸ் கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியும். இவரிடம் வாய் வரவில்லை. அவரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"கண்ணு போனதுக்கப்புறம் வாரவுக எல்லாம் பீவிட்டத்தேன் பேசுறாக. அவரு சாப்பிட்டாரா, அவரு தூங்குனாரான்னு. நான் இங்கனதேன் உக்காந்திருக்கேன். மொதப் பேச்சுல தங்கச்சி 'அண்ணே, நான் சொல்றேன் கேளுங்க'ன்னு எங்கிட்டச் சொல்லுச்சு. நீ அதப் போய் வெட்டிருக்க."

 அம்சத் பீவிக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். ஆறுதலாக ஏதோ சொல்ல நினைத்தார்.

"எங்க தெருவுல எல்லாப் பொம்பளைகளும் கேக்குறோம்ண்ணே. ஒங்க பேச்சு வரும்போது மிக்சி போட்டுக்கிருவோம். அக்கா பேசும்போது நிறுத்திருவோம்."

திரும்பி வந்த பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். போலீஸ் என்னை எத்தனையோ முறை தரதரவென்று இழுத்திருக்கிறது. அப்போதெல்லாம் தலையை நிமிர்த்தியே வைத்திருந்தேன். புகைப்படத்தில் நீங்களே பார்க்கலாம். அன்று பஸ் கண்ணாடியில் தெரிந்த என் முகத்தை என்னாலேயே பார்க்க முடியவில்லை. என் டிபன் கேரியரைத் தூக்கி வந்த அந்தப் போலீஸ்காரர்கூட என்னைவிட நல்லவர் என்று தோன்றியது. கட்டிக் கொடுத்தவளுக்கு அவராவது அந்த மரியாதையைச் செய்தார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது சாயங்கால வெளிச்சம் இருந்தது. சந்தனம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உத்தமபாளையத்துக்குத்தான் போயிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். கேட்டாச்சா என்று கேட்கவில்லை. நான் அவளுக்கு முன்னால் போய் நின்றேன். கை தானாக மேலே போகப் பார்த்தது. இறக்கினேன். தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து பேசுவது அதுதான் முதல்முறை.

"சந்தனம்" என்றேன்.

நிறுத்தினேன். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. ஒரு கொத்தை எடுத்து உருவினாள். காம்பைத் தூரப் போட்டாள். அடுத்த கொத்தை எடுத்தாள். நான் இன்னும் காத்திருந்தேன். யாரும் நிரப்பாவிட்டால் அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வேறு வழியில்லாமல் நானே பேசினேன். வெட்டச் சொன்னது நான்தான் என்றேன். கரண்டு மேல் பொய் சொன்னதும், அக்கா பெயரைச் சொல்லி உன்னை அனுப்பியதும் நான்தான் என்றேன். நீ தப்பாகப் பேசியிருந்தால் நான் வெட்டியிருக்க மாட்டேன், சரியாகப் பேசியதால்தான் வெட்டினேன் என்றேன். ஒவ்வொரு முறையும் உன் தயிர்ச்சோற்றைத் தின்றுவிட்டுத்தான் சிறைக்குப் போனேன், ஒரு துண்டறிக்கையிலும் அதை எழுதவில்லை, கீழே சிங்கம் என்று மட்டும் எழுதிக்கொண்டேன் என்றேன். நீ இல்லாத அன்று வரிக்கு வரி இந்தத் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன் என்றேன். இப்ராஹிம் இனி என்னைக் கேட்க மாட்டார், கேட்கத் தேவையும் இல்லை, உன்னைக் கேட்கட்டும் என்றேன். இவ்வளவையும் ஒரு இடத்தில்கூட நிறுத்தாமல் சொன்னேன். முடிக்கும்போது இளைப்பு வந்துவிட்டது. மன்னித்துக்கொள் என்கிற வார்த்தை பாதி மூச்சில்தான் வந்தது.

சந்தனம்மாள் முழுவதையும் கேட்டாள். அவள் கண்ணும் ஈரமாக இருந்ததுபோல எனக்குத் தோன்றியது. கையை முந்தானையில் துடைத்தாள். கீரைக் குவியலை விலக்கினாள். அடியில் போன் இருந்தது. சிவப்பு வட்டத்தை அமுக்கி நிறுத்தினாள்.

"இதுல வெட்ட ஒண்ணுமில்ல" என்றாள். "அப்பிடியே போட்டுறலாம்."